பனல் வந்தது, பியூஸ் வரவில்லை

தோப்பூரையும் அதனைச் சூழவுள்ள கிராமங்களையும் சேர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு என்பது ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் பொருளாக இருந்ததில்லை. 2006 ஏப்பிரலில் மூதூர் கிழக்கில் குண்டுகள் விழத் தொடங்கியபோது சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் கையில் அகப்பட்டதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரிலும் தோப்பூரிலும் இருந்த முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கி நடந்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்படும் வரைக்கும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களிலே வளர்ந்தார்கள். திரும்பி வந்த பின்னரும் வயல் ஓரிடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வேறிடம், உறுதியுள்ள காணி இன்னுமோரிடம் என்றே பலரின் சீவியம் போகின்றது. போதாக்குறைக்கு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் மகாவலியின் இரு கரையிலும் குடியிருந்தோரை மறுபடியும் கிளப்பிவிட்டது.

ஆகவே விதைப்பு மாதத்திலும் அறுவடை மாதத்திலும் வயற்கரை வாடியிலே, அல்லது தறப்பாள் கட்டிய உழவு இயந்திரப் பெட்டியிலே, பாதிக் குடும்பம் இரவைக் கழிப்பது எமது பகுதியில் புதினமான காரியமன்று. மின்சார சபையின் கம்பி அங்கே வராது. யானைக் காவலுக்கு வெளிச்சம் வேண்டும், கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் வேண்டும், படிக்கிற பிள்ளைக்கு ஒரு பல்ப் வேண்டும். சூரிய மின்பனல் இந்த இடத்துக்கென்றே செய்யப்பட்ட பொருள் போல வந்து சேர்ந்தது. அதை நாம் மனதார வரவேற்கின்றோம். பனல் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்.

எமது முறைப்பாடு வேறு. கொட்டில்களுக்கும் வாடிகளுக்கும் போய்ப் பார்க்கின்றபோது பனல் இருக்கின்றது, பற்றறி இருக்கின்றது, நாலு பல்ப் இருக்கின்றது. பற்றறியிலிருந்து புறப்படும் கம்பியில் பியூஸ் மாத்திரம் இல்லை. சில இடங்களில் பியூஸ் கூடு இருக்கும், உள்ளே சிகரட் பெட்டித் தாள் சுற்றியிருக்கும். ஓரிடத்தில் இரண்டு அங்குல ஆணி ஒன்று அந்த உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டால், “அது அடிக்கடி எரியுது, அதுதான் நிரந்தரமா ஒண்டு போட்டது” என்கிறார்கள். பியூஸ் அடிக்கடி எரிகின்றது என்பது ஒரு முறைப்பாடு அன்று. அது ஒரு தகவல். கம்பியில் எங்கேயோ பழுது என்று அது சொல்கின்றது. சொன்ன வாயை அடைத்துவிட்டு, கிடுகுக் கூரைக்குக் கீழே, விதைநெல் மூட்டைகளுக்குப் பக்கத்திலே நாம் படுத்துக்கொள்கின்றோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எம்மக்களைக் குறை சொல்ல மனம் வராது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றறி கூடத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து மறுபடியும் போட்டோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெயை விட்டுத் திரிபோட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். எந்தக் கம்பியையும் எந்தக் கம்பியோடும் முறுக்கிச் சமாளிக்கும் கைத்திறன் அந்த நாட்களில் எம்மைக் காப்பாற்றியது. அதைப் பெருமையோடு சொல்லலாம்.

ஆனால் சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற் பொருள். அதன் இரண்டு கம்பியும் முட்டினால் லைற் அணையும், வேறொன்றும் நடக்காது. இன்று வாடியில் இருக்கும் 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றறியின் இரண்டு முனையும் முட்டினால் ஆயிரம் அம்பியருக்கும் மேலே பாயக்கூடும். டைனமோவில் பழகிய கை அதே துணிச்சலோடு இந்தப் பற்றறியைத் தொடுகின்றது. 12 வோல்ற்தானே, கையால் பிடித்தாலும் அடிக்காது என்ற எண்ணம் வேறு. அடிக்காது என்பது உண்மை. எரிக்காது என்பது உண்மையன்று. இரண்டும் இரண்டு விடயங்கள்.

குளத்து நீரில் பயிர் செய்பவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. பனலை ஒரு சிறிய ஊற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாற் பனல் ஒன்றின் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கினாலும் அதிலிருந்து ஏறக்குறைய 6 அம்பியருக்கு மேலே வராது. ஊற்றில் இருப்பது அவ்வளவுதான். பற்றறியோ குளம். நாள் முழுவதும் சேர்ந்ததை ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளக்கூடியது. கம்பி என்பது வாய்க்கால். மெல்லிய வாய்க்காலுக்குக் குளத்தின் கட்டை உடைத்துவிட்டால் வாய்க்கால் என்னவாகும் என்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கம்பி செக்கன் கணக்கில் பழுக்கக் காய்ந்து, மேலே உள்ள பிளாஸ்ரிக்கை உருக்கி, பக்கத்தில் உள்ள ஓலையைப் பற்றவைக்கும்.

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் ‘உருகி’ என்று பிள்ளைகள் படிப்பது இந்தப் பியூஸைத்தான். அது பல்பைக் காப்பாற்றுவதற்கென்று பலர் நினைக்கின்றார்கள். அதன் முதல் வேலை கம்பியைக் காப்பாற்றுவது. கம்பி காயுமுன் தான் உருகித் தொடர்பை அறுத்துவிடும். ஆகையால் குளத்துத் துருசு கட்டோடு இருப்பது போல, பியூஸும் பற்றறியின் நேர் முனைக்கு மிக அருகில் இருக்கவேண்டும். ஆறடி தள்ளி வைத்தால் அந்த ஆறடிக் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. படகுகளின் மின்னிணைப்புக்கு அமெரிக்காவில் வகுத்துள்ள நியமத்தில் பற்றறியிலிருந்து 7 அங்குலத்துக்குள் பியூஸ் இருக்கவேண்டும் என்பது பொது விதி. எமது வாடிக்கும் ஒரு சாண் என்று வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை அம்பியர்ப் பியூஸ் என்பது அடுத்த கேள்வி. பாயவேண்டிய மின்னோட்டத்தைப் போல ஒன்றேகால் மடங்கு எடுத்து, அதற்கு அடுத்த பெரிய அளவைப் போடுவது வழக்கம். பனலின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் உச்ச மின்னோட்டம் எழுதியிருக்கும். 6 அம்பியர் என்றால் ஏழரை வரும், 10 அம்பியர்ப் பியூஸ் போடலாம். 10 அம்பியர் கொன்ட்ரோலருக்கும் பற்றறிக்கும் நடுவில் 15 போதும். மூன்று, நான்கு பல்பும் ஒரு கைத்தொலைபேசிச் சார்ஜரும் போகும் கம்பிக்கு 5 அம்பியர். ஆனால் கணக்கு எப்படி வந்தாலும், கம்பி தாங்கக்கூடிய அளவைப் பியூஸ் தாண்டக்கூடாது. 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி 15 அம்பியரைச் சிரமமின்றித் தாங்கும். ஒலிபெருக்கிக்குப் போடும் நூல் போன்ற வயர் தாங்காது. அந்த வயருக்கு 15 அம்பியர்ப் பியூஸ் போட்டால் பியூஸ் சுகமாக இருக்கும், வயர்தான் எரியும். மோட்டார் வாகனங்களுக்குப் போடும் தட்டைப் பியூஸ் கட்டைகள் 12 வோல்ற்றுக்கு நன்றாகப் பொருந்தும். கட்டையொன்றின் விலை ஒரு றாத்தல் பாணின் விலைக்கும் குறைவு.

கம்பியின் தடிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனெனில் நட்டம் அதிகமாக நடப்பது இங்கேதான். வீட்டில் 230 வோல்ற்றில் 60 வாற் பல்ப் கால் அம்பியரளவே இழுக்கும். அதே 60 வாற்றை 12 வோல்ற்றில் எடுத்தால் 5 அம்பியர். வீட்டு வயரிங் செய்யும் தம்பிமாரின் கண் 230க்குப் பழகியது. அவர்கள் போடும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் இங்கே மெலிவு. பனல் மரத்து நிழலுக்கு அப்பால் 10 மீற்றர் தள்ளி நிற்கின்றது என்று வையுங்கள். போகவும் வரவும் 20 மீற்றர்க் கம்பி. 6 அம்பியர் பாயும்போது 1.5 வயரில் ஏறத்தாழ 1.4 வோல்ற் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீற்றர் போட்டால் அரை வோல்ற்தான் போகும். மெல்லிய வயரைப் போட்டுவிட்டு, “பனல் சரியில்லை, பற்றறி நிறையுதில்லை” என்று விற்றவரைத் திட்டுபவர்கள் எத்தனை பேர்! பற்றறி ஒருநாளும் நிறையாமல் அரைவயிற்றில் கிடந்தால் இரண்டு போகத்துக்குள் செத்துப்போகும். பற்றறியின் விலையோடு பார்த்தால் தடித்த கம்பிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு ஒன்றுமேயில்லை.

மேற்கு நாடுகளில் கரவன் என்றொரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. விடுமுறைக்கு ஊர்சுற்றுபவர்கள் அதன் கூரையில் பனல் பூட்டி, கீழே பற்றறி வைத்துக்கொண்டு போகின்றார்கள். அவர்கள் உல்லாசத்துக்காக வண்டியில் வாழ்கின்றார்கள், நாம் வேறு வழியின்றி வாழ்கின்றோம். ஆயினும் அவர்களின் வண்டிக்கும் எமது உழவு இயந்திரப் பெட்டிக்கும் லாண்ட்மாஸ்டர்ப் பெட்டிக்கும் மின்சாரக் காரியத்தில் பேதமில்லை: இரண்டும் குலுங்கும், இரண்டும் தகரம். அசையாத வீட்டில் பத்து வருடம் நிற்கும் இணைப்பு, அல்லைப் பக்கத்து வயல் வரம்புப் பாதையில் ஒரு போகத்தில் கழன்றுவிடும். முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு குலுக்கத்தில் இளகும். இளகிய இடம் சூடேறும். ஆகவே வண்டியில் ஒற்றைக் கம்பி வயர் போடாமல் பல இழை வயர் போடவேண்டும். முனைக்குச் செப்பு லக் நசுக்கிப் பூட்டவேண்டும். தகர விளிம்பினூடாக வயர் போகும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் விளிம்பு வயரை அறுக்காது. இந்த ரியூப் வைத்தியம் எம்மவர் சிலர் தாங்களாகவே செய்துவருவது. கரவன்காரர்கள் இதற்கென்று கடையில் றப்பர் வளையம் வாங்குகின்றார்கள். எதிர் முனைக்கு வண்டியின் இரும்பையே கம்பியாகப் பாவிப்பது வாகனங்களில் வழக்கம் என்றாலும், துருப்பிடித்த பெட்டியில் அதை நம்பவேண்டாம். சிவப்புக்கும் கறுப்புக்கும் தனித்தனி வயர் ஓடட்டும்.

கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று இன்னொரு எதிரி. கடற்கரையோரக் கொட்டில்களில் செப்பு முனை பச்சை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறுகப் பூட்டிய பின் மேலே கொஞ்சம் வாஸ்லினோ கிறீசோ பூசிவிடுங்கள். எலியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் வயர் பி.வி.சி. குழாய்க்குள் இருப்பது நல்லது.

இணைக்கும் ஒழுங்கும் உண்டு. கொன்ட்ரோலருக்கு முதலில் பற்றறி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல், பிறகு பற்றறி. பனலுக்குச் சுவிச் கிடையாது, வெயில் பட்டால் அது வேலை செய்யும். ஆகவே பூட்டும்போது ஒரு சாக்காலோ பழைய சேலையாலோ மூடிவிட்டு வேலை செய்யுங்கள். ஒரே மாதிரியான இரண்டு பனலைப் பக்கமாகச் சேர்க்கலாம். மூன்றோ அதற்கு மேலோ சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பியூஸ் வேண்டும். ஒன்று பழுதானால் மற்றவை எல்லாம் சேர்ந்து அதற்குள் திருப்பிப் பாய்ச்சும்.

அண்மைக் காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் கூரைகளுக்குப் பூட்டும் 500 வாற்றுக்கும் மேற்பட்ட பெரிய பனல்கள் கைமாறி எமது பக்கமும் வருகின்றன. மலிவாக இருக்கின்றது என்று வாங்குகின்றார்கள். அவற்றின் அழுத்தம் 40 முதல் 50 வோல்ற் வரை. எமது சிறிய கொன்ட்ரோலர்கள் பல அதைத் தாங்கா. அப்படிப்பட்ட மூன்றைத் தொடராகப் பூட்டினால் 120 வோல்ற்றுக்கு மேலே போகும். அது ஆளையே கொல்லக்கூடிய நேரோட்டம். வீட்டுச் சுவரில் இருக்கும் ஆடலோட்டச் சுவிச்சை இதற்குப் பாவிக்கவும் கூடாது. ஆடலோட்டம் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்துக்கு இறங்கி ஏறுவதால் சுவிச்சில் வரும் பொறி தானாக அணையும். நேரோட்டத்துக்கு அந்த இறக்கம் இல்லை. பொறி நீண்டு நின்று சுவிச்சையே உருக்கும். நேரோட்டத்துக்கென்று எழுதிய சுவிச்சைக் கேட்டு வாங்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பனலை வாங்காமலே விடவேண்டும்.

பற்றறியை எங்கே வைப்பது? கட்டிலுக்குக் கீழே அன்று. ஈய அமிலப் பற்றறி நிறையும்போது ஐதரசன் வாயுவை விடும், அது பொறியில் வெடிக்கும். மண்ணெண்ணெய்க் கலன், பூச்சிமருந்துப் போத்தல், பிள்ளையின் பாய் ஆகியவற்றுக்கு அப்பால், மேலே காற்றோட்டத் துளை வைத்த மரப்பெட்டியில் இருக்கட்டும். பெட்டி மூடியிருந்தால் ஸ்பனர் விழுந்து இரண்டு முனையையும் தொடுக்காது. கையில் வளையலோ மோதிரமோ இருந்தால் பற்றறி வேலைக்கு முன் கழற்றிவிடுங்கள். முனைகளுக்கிடையில் அகப்பட்ட வளையல் கணத்தில் சிவந்து சதையோடு ஒட்டும். அமிலம் சிந்தினால் நிறையத் தண்ணீர், நிலத்துக்கு அப்பச்சோடா. உள்ளே விடுவது கடையில் விற்கும் பற்றறித் தண்ணீர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் அன்று. இப்போது வரும் லிதியம் பற்றறிகளில் அமிலம் இல்லை, ஆயினும் முனைகள் முட்டினால் அவை ஈயப் பற்றறியை விடக் கூடுதலாகவே பாய்ச்சக்கூடியன. பழைய மடிக்கணினிகளிலிருந்து உருவிய கலங்களைச் சேர்த்து ஒட்டிய பற்றறியை, காவற் சுற்று இல்லாமல், யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் ஆட்கள் படுக்கும் இடத்துக்குள் எடுக்கவேண்டாம்.

டித்வா வெள்ளத்தின் பின்னர் கேட்க நேர்ந்த கேள்வி ஒன்று: பனல் தண்ணீருக்குள் கிடந்தது, தொடலாமா? பகல் வெளிச்சம் இருக்கும் வரை அது மின்சாரம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இருட்டிய பின்னர், அல்லது நன்றாக மூடிய பின்னர், காய்ந்த கையோடு கழற்றுங்கள். மாரிக்கு முன் பற்றறியை நெஞ்சளவு உயரத்தில் ஏற்றிவிடுவதும், கூரையிலுள்ள பனலைக் காற்று கிளப்பாதபடி நாலு மூலையிலும் இரும்புப் பட்டியால் பூட்டுவதும் எமது பகுதியில் கட்டாயம். தகரத்தோடு ஒட்டப் பூட்டாமல் மூன்று நான்கு அங்குல இடைவெளி விடுங்கள். சூடேறினால் பனலின் வலு குறையும்.

இனி, எமக்கு மிகவும் அச்சம் தரும் விடயத்துக்கு வருகின்றோம். 12 வோல்ற்றை 230 ஆக மாற்றும் இன்வேட்டர் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கின்றது. 1000 வாற் இன்வேட்டர் முழு வேலை செய்தால் பற்றறியிலிருந்து 90, 100 அம்பியர் இழுக்கும். பெருவிரல் பருமனான கம்பியும் அதற்கேற்ற பெரிய பியூஸும் இல்லாமல் அதைப் பூட்டுவது நெருப்போடு விளையாடுவது. அது ஒருபுறம் இருக்க, அதிலிருந்து வரும் 230 வோல்ற், மின்சார சபையின் 230 வோல்ற் போலவே ஆளைக் கொல்லும். இதை யானை வேலிக் கம்பியில் கொடுக்கும் எண்ணம் சிலருக்கு வருகின்றது. யானை நெல்லை மிதித்த இரவில் கமக்காரனுக்கு வரும் ஆத்திரம் எமக்கு விளங்காததன்று. ஆனால் முறையான யானை வேலி வேறு பொருள். அதன் கருவி செக்கனுக்கு ஒரு தடவை, செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்கு மாத்திரம் அடித்துவிட்டு விடும். தொட்டவன் கையை இழுத்துக்கொள்ள நேரம் உண்டு. இன்வேட்டர்க் கம்பியோ பிடித்தால் விடாது. இலங்கையில் ஆண்டுதோறும் சட்டவிரோத மின்கம்பியில் யானைகளும் மனிதர்களும் சாகின்றார்கள். விடியற்காலையில் மாட்டைத் தேடிப் போகும் பக்கத்து வயற்காரனுக்கு அந்தக் கம்பி எங்கே கிடக்கின்றது என்று தெரியாது. வேலி வேண்டுமானால் கமக்காரர் அமைப்பினூடாக முறையான கருவியைக் கேட்டுப் போராடுவோம். இந்தக் குறுக்குவழிக்கு எவரும் இடம்கொடுக்கக்கூடாது என்பதே எமது உறுதியான கருத்து.

இத்தனையையும் ஒரு ஏழைக் குடும்பம் தானாகத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? நிவாரணமாகவும் வாழ்வாதார உதவியாகவும் பனல் வழங்கும் நிறுவனங்களிடம்தான் எமது முதற்கேள்வி. பனலுக்குப் பதாகை உண்டு, படம் உண்டு, பிரதம விருந்தினர் உண்டு. பியூஸ் ஏன் இல்லை? கேள்விப்பத்திரம் போட்டு மலிவாகத் தருபவரிடம் வாங்கும்போது முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத சாமான்: பியூஸ், தடித்த வயர், லக், பற்றறிப் பெட்டி. கூடவரும் விளக்கத்தாள் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றது.

சிறிய பொருளின் பெறுமதியை அறிய இந்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. போத்தல் விளக்கு கவிழ்ந்து எரிகாயங்களோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் உருளாத, கட்டையான, திருகு மூடியுள்ள கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். ‘சுதீப’ என்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தட்டையான இரண்டு பக்கமும் ஓர் இரும்பு மூடியும், வேறொன்றுமில்லை. மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து எம்மை விடுவிக்க வந்த பனலுக்கு அந்தத் திருகு மூடி போன்றது பியூஸ். மூடியில்லாமல் விளக்கை விநியோகிப்பது சரியா என்று நிறுவனங்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

1997இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கி, 2002இன் பின் இன்னொரு திட்டமாகத் தொடர்ந்த முயற்சியில் இந்நாட்டின் கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சிறிய பனல்கள் கடனுக்குப் பூட்டப்பட்டன. அங்கே பனலை விற்றவரே வந்து பூட்டினார், பழுதானால் திரும்பி வரவும் கடமைப்பட்டிருந்தார். போர் நடந்த எமது இடங்களில் அப்படியொரு கைத்தேர்ந்த கூட்டம் உருவாக வாய்ப்பிருக்கவில்லை. அந்த இடைவெளி இன்றும் தெரிகின்றது. நிலக்கரி மின்நிலையம் வருமென்று சொல்லி 2016இல் கைவிடப்பட்ட சம்பூரில், 2025 ஏப்பிரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தின் வேலைகளைத் தொடக்கிவைத்தார்கள். அந்த மின்நிலையத்தில் ஒவ்வொரு வரிசைப் பனலுக்கும் காப்பு இருக்கும், ஒவ்வொரு கம்பிக்கும் கணக்கிருக்கும், பொறியியலாளர் கையொப்பமிட்டிருப்பார். வேலிக்கு இந்தப் பக்கத்தில், அதே வெயிலில் 100 வாற் எடுக்கும் வாடிக்கு ஆணிதான் பியூஸ். எமது இளைஞர்கள் சிலருக்காவது அங்கே கம்பி வேலை பழகச் சந்தர்ப்பம் கேட்பது பிரதேச செயலகத்தின் கடமை என்று நாம் நினைக்கின்றோம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இனிப் பனல் வாங்கக் கையொப்பமிடும்போது, பெட்டியைத் திறந்து பியூஸ் கூடும் உதிரிப் பியூஸ் ஐந்தும் இருக்கின்றதா, வயரில் 4 என்று அச்சிட்டிருக்கின்றதா, தமிழில் விளக்கத்தாள் உண்டா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடட்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். தருமம் வாங்குபவர் குறைகேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பயிற்சியும் கேட்கவேண்டும், அரை நாள் போதும், ஆனால் பெண்களையும் கூப்பிடவேண்டும். ஆண்கள் காவலுக்குப் போன இரவில் கொட்டிலில் கருகல் மணம் வந்தால் எந்தக் கம்பியை முதலில் கழற்றுவது என்று தெரிந்திருக்கவேண்டியவர் வீட்டிலிருக்கும் அம்மாவே.

பெரும்போக விதைப்புக்கு முன்னர், வாடிகள் கட்டத் தொடங்கும் நாட்களில் அந்தப் பயிற்சி நடப்பது பொருத்தம். வருபவர்கள் கொப்பியும் பேனையும் கொண்டுவராவிட்டாலும் பாதகமில்லை. தத்தம் பற்றறிக் கம்பியில் இப்போது பியூஸ் இருக்கும் இடத்தில் என்ன இருக்கின்றதோ, அதைக் கழற்றிக் கையில் கொண்டுவரட்டும். மேசையில் வந்து சேரும் ஆணிகளையும் தாள்களையும் எண்ணிப் பார்த்து, அத்தனை பியூஸையும் அன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிடலாம்.